முதுகுப்பக்க டிசைன் யாருக்கு?

ஊசிநூல், மதுரை:

ஜாக்கெட் தைப்பது என் பிழைப்பு. "நான் எனக்காகத்தான் உடுத்துறேன், யாருக்காகவும் இல்லை" என்று ஒரு தோழி இங்கே எழுதியிருந்தார். படித்ததும் சிரிப்பு வந்துவிட்டது. முகூர்த்த மாதங்களில் ஆரி எம்பிராய்டரி வேலைக்கு என்று என்னிடம் கொட்டுகிற பணத்தில் பெரும்பகுதி முதுகுக்கும் கைக்கும்தான் போகிறது. மயில், பல்லக்கு, மாப்பிள்ளை பெயரின் முதல் எழுத்து, எல்லாம் பின்கழுத்துக்குக் கீழே. போட்டுக்கொள்கிறவள் கண்ணில் அது படப்போவதே இல்லை. தாலி முடிச்சுப் போட பின்னால் நிற்கிற நாத்தனாருக்கும் போட்டோகிராபருக்கும்தான் தெரியும்.

ஆனால் அதே ஜாக்கெட்டை உள்பக்கம் திருப்பினால் கதை வேறு. ஆரியின் பின்முடிச்சுகள் தோலில் உரசாமல் இருக்க காட்டன் லைனிங் வேண்டும், அக்குள்கிட்டே இறுக்கக்கூடாது, பிற்பாடு பிரித்துக்கொள்ள ஓரத்தில் துணி விட வேண்டும். ஓய்வுபெற்ற டீச்சர் ஒருவர் வருவார். வெளித்துணி ஏதோ ஒரு ப்ளெய்ன் துணி, டிசைன் கேட்கவே மாட்டார். லைனிங் மட்டும் அவரே துவைத்துத் துவைத்து மெத்தென்று ஆன மல் துணியைக் கொண்டுவந்து கொடுப்பார். ஏன் டீச்சர் என்றேன். "வெளியில எப்படியோ இருக்கட்டும்மா, உள்ளே இருக்கப்போறது நான்தானே" என்றார்.

நான் கண்டவரை வெளிப்பக்கம் ஊருக்கு, உள்பக்கம் நமக்கு. உங்கள் அனுபவம் எப்படி?

மல்லிப்பந்தல், திண்டுக்கல் பக்கம்:

முதுகு ஊருக்கு என்று அக்கா ஒரே போடாகப் போட்டுவிட்டீர்கள். தலையில் வைக்கிற பூ? அதுவும் பின்பக்கம்தானே. எங்கள் பக்கம் நிலக்கோட்டைச் சந்தைப் பூ. சாயங்காலம் மொட்டாக வைத்தால் இருட்டிய பிறகுதான் விரியும். அந்நேரம் யார் பார்க்கப்போகிறார்கள்? ஆனால் தலையைத் திருப்பும்போதெல்லாம் வாசனை வரும். அது எனக்கு.

என் வீட்டுக்காரர் போன பிறகு பூ வைக்காதே என்று யாரும் வாய் திறந்து சொல்லவில்லை. பூக்காரம்மா எங்கள் வாசலில் நிற்காமல் போக ஆரம்பித்தார், அவ்வளவுதான். பக்கத்து வீட்டில் நின்று அளப்பார், எங்கள் வாசலைத் தாண்டும்போது நடையில் ஒரு வேகம் வந்துவிடும். மாசக்கணக்கில் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு ஒருநாள் நானே கூப்பிட்டேன். "சாமிக்காம்மா?" என்றார். "எனக்கு" என்றேன். முழம் போடுகிற கை ஒரு நொடி நின்றது. அப்புறம் ஒரு சாண் கூடவே விட்டு நறுக்கிக் கொடுத்தார்.

கல்யாணம் காட்சிக்கு வைத்துக்கொண்டு போவதில்லை. வாய்க்கு வாய் பதில் சொல்லத் தெம்பில்லை. வீட்டில் வைக்கிறேன்.

கோடுபோட்ட சட்டை, சென்னை:

ஆண்கள் யாரும் வாயே திறக்கவில்லையே என்று நான் வருகிறேன். 2020 ஊரடங்கில் சலூன்கள் பூட்டிக் கிடந்தபோது தலைமுடிக்கு டை போடுவதை விட்டேன். வீட்டுக்குள் யார் பார்க்கப்போகிறார்கள் என்றுதான். என்னைப் பொறுத்தவரை கேள்விக்குப் பதில் அங்கேயே வந்துவிட்டது. வெள்ளை எனக்குப் பிடித்தும் போனது. ஆனால் பெண்ணுக்கு வரன் பார்க்கத் தொடங்கியதும் வீட்டம்மா டை பாக்கெட்டையும் பழைய டூத் பிரஷ்ஷையும் எடுத்து வைத்துவிட்டாள். பிள்ளை வீட்டார் வந்தார்கள். சம்பந்தியாக வரவிருந்தவருக்கு மீசை உட்பட எல்லாம் வெள்ளை! மனிதர் கம்பீரமாக உட்கார்ந்து காபி குடித்தார். எனக்கு நெற்றி ஓரம் அரித்துக்கொண்டே இருந்தது.

கஞ்சிச்சட்டை, திருச்சி:

எனக்குப் பிறவியிலேயே பார்வை இல்லை. வங்கியில் வேலை. "கண்ணாடிகூடப் பார்க்க மாட்டீங்களே சார், எதுக்கு இவ்வளவு பளிச்சுன்னு?" என்று ஒரு வாடிக்கையாளர் கேட்டார். கேலியாக இல்லை, நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான்.

கஞ்சி போட்டு இஸ்திரி செய்த காட்டன் சட்டையில் கையை நுழைக்கும்போது ஒட்டியிருந்த துணி சரசரவென்று பிரிந்து வழி விடும். அந்தச் சத்தத்துக்காகவே போடுகிறேன். காலர் விறைப்பாகக் கழுத்தைத் தொட்டால் முதுகு தானாக நிமிர்ந்துகொள்ளும். யாரும் இல்லாத ஞாயிற்றுக்கிழமையும் அப்படித்தான்.

நிறம் வேறு விஷயம். எனக்கு அதனால் ஒன்றும் ஆகப்போவதில்லை, ஆனாலும் விட்டுக்கொடுக்க மாட்டேன். காலரின் உள்பக்கம் அம்மா நூல் முடிச்சுப் போட்டு வைத்திருக்கிறார். ஒரு முடிச்சு என்றால் வெள்ளை, இரண்டு என்றால் நீலம். போன் செயலியும் நிறம் சொல்லும், ட்யூப்லைட் வெளிச்சத்தில் கருநீலத்தைக் கறுப்பு என்று அடித்துவிடும். பொருந்தாத பேண்ட்டோடு போய் நின்றால் "பாவம், தெரியாது" என்று ஒரு குரல் வருமே, அதைக் கேட்காமல் இருக்கத்தான் இத்தனை பாடு. ஆக, நிறம் உங்களுக்காக, கஞ்சி எனக்காக.

தென்கோடி, நாகர்கோவில்:

"மற்றவர்களுக்காக" என்றால் அவர்கள் மெச்சுவதற்காக என்றே எல்லோரும் வைத்துக்கொள்கிறீர்கள். எங்கள் பக்கம் வேறு கதை உண்டு. பழைய திருவிதாங்கூரில் நாடார் முதலிய சமூகங்களின் பெண்கள் மார்பை மூடத் தோள்சீலை போடக்கூடாது. போட்டவர்களைச் சந்தையில் வைத்துக் கிழித்தார்கள். 1829இல் அரசாணையே போட்டுத் தடுத்தார்கள். போராட்டம் முற்றி 1859 ஜூலையில் மேலாடைக்கு அனுமதி வந்தது. அதிலும் உயர்சாதிப் பெண்கள் உடுத்துகிற விதத்தில் உடுத்தக்கூடாது என்று ஒரு நிபந்தனை! 2023 மார்ச்சில் இங்கே நடந்த, தோள்சீலைப் போராட்டம் தொடங்கிய 200ஆம் ஆண்டு விழாவுக்குத் தமிழ்நாடு, கேரளம் இரண்டு முதல்வர்களும் வந்திருந்தார்கள்.

கிழிப்பார்கள் என்று தெரிந்தே மறுநாளும் போட்டுக்கொண்டு சந்தைக்குப் போனவர்கள் யாருக்காக உடுத்தினார்கள்? தனக்காகவும்தான், பார்க்கிறவன் கண் எரியட்டும் என்றும்தான். எங்கள் பாட்டி சித்திரை வெயிலிலும் தோளில் துவர்த்து (துண்டு) இல்லாமல் கொல்லைக்குக்கூட இறங்க மாட்டார். புழுங்கவில்லையா பாட்டி என்றால், "கெடக்கட்டும் பிள்ளே" என்பார். காரணம் எல்லாம் சொன்னதில்லை. விழாவுக்குப் பிறகுதான் எனக்கு அந்தத் துவர்த்து புரிந்தது.

ஊசிநூல், மதுரை:

தென்கோடி சொன்னதைப் படித்தபோது எங்கள் ஊர்க் கதை ஞாபகம் வந்தது. காந்தி சட்டையைக் களைந்து அரைவேட்டிக்கு மாறியது இங்கே மேலமாசி வீதியில், 1921 செப்டம்பர் 22. தனக்குப் பிடிக்கிறதா என்று பார்த்து எடுத்த முடிவா அது? உடுத்த வழியில்லாதவர்களைப் பார்த்து எடுத்தது. தையல்காரிக்கு நஷ்டம்தான், ஆனாலும் என் உள்பக்கம் வெளிப்பக்கக் கணக்கில் இது அடங்கவில்லை என்று ஒத்துக்கொள்கிறேன்.

ஹாஸ்டல்வாசி, கோவை:

பெரியவர்கள் ரொம்ப ஆழமாகப் போய்விட்டீர்கள். எங்கள் அனுபவம் சின்னது. ஸ்டடி ஹாலிடேஸில் நடுராத்திரி, படிப்பு ஓடாத நேரம். அறைத்தோழியின் அம்மா அனுப்பிய பட்டுப்புடவை பெட்டியில் இருந்தது. ஒருத்தி சும்மா சுற்றிப் பார்க்கிறேன் என்றாள். அப்புறம் அடுத்தவள். டீ ஷர்ட்டுக்கு மேலேயே கட்டி, கொசுவத்துக்கு கிளிப் போட்டு, ஒருத்தி தூக்கக் கலக்கத்தில் எழுந்து வந்து மை கூட இட்டுக்கொண்டாள். பார்க்க யாரும் இல்லை, எங்கேயும் போகப்போவதில்லை. எனக்காக மட்டும் என்று நான் எப்போதாவது உடுத்தியிருந்தால் அன்றைக்குத்தான்.

போட்டோ எடுத்தீர்களா என்று கேட்பீர்கள். எடுத்தோம், எடுக்காமல் இருப்போமா? ஸ்டேட்டஸ்தான் வைக்கவில்லை. வார்டன் மேடம் நம்பர் எங்கள் எல்லோர் போனிலும் இருக்கிறது.