கெண்டிக்கு முன்னால் நின்ற அம்மா

சுங்கை சிப்புட் அக்கா:
மகன் மலாயா பல்கலைக்கழகத்தில் படித்தபோது அங்குள்ள ஆசியக் கலை அருங்காட்சியகத்துக்கு அம்மாவைக் கூட்டிப் போனேன். 1974-இல் தொடங்கிய இடம். அம்மா காலமெல்லாம் தோட்டத்தில் பால்மரம் (ரப்பர் மரம்) சீவிப் பால் எடுத்தவர். வாசலிலேயே செருப்பைக் கழற்றப் போனார், கோயில் என்று நினைத்தாரோ என்னவோ.

உள்ளே கெண்டிகள் மட்டுமே நூற்றுக்கணக்கில் இருக்கின்றன. மலேசியாவின் முதல் பிரதமர் துங்குவிடம் பத்திரிகைச் செயலாளராக இருந்த ஃபிராங்க் சல்லிவன் சேர்த்தவை அவற்றில் ஏராளம். சீனாவில் செய்தது, வியட்நாமில் செய்தது, தாய்லாந்தில் செய்தது என்று வரிசையாக. சுற்றிக் காட்டிய பெண் மலாயில் விளக்கினார்: கைப்பிடி கிடையாது, கழுத்தைப் பிடித்துத்தான் தூக்க வேண்டும், பக்கத்தில் நீண்டிருக்கும் அதன் மூக்கு வழியாக ஊற்றிக் குடிக்க வேண்டும், பெயர் 'கெண்டி'.

"கெண்டியா? எங்க ஆத்தா வச்சிருந்துச்சே, பித்தளையில!" அம்மா போட்ட சத்தத்தில் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். எனக்குக் கூச்சம். அந்தப் பெண்ணோ விடவில்லை. எப்படிக் குடிப்பீர்கள் என்று கேட்டார். அம்மா அண்ணாந்து, கையை உயர்த்தி, எச்சில் படாமல் வெறுங்காற்றைக் குடித்துக் காட்டினார். பக்கத்தில் நின்ற சீனத்து மாணவிகளும் அண்ணாந்தார்கள்! 'குண்டிகா' என்ற சமஸ்கிருதச் சொல்லிலிருந்து வந்த பெயர் என்று அந்தப் பெண் சொன்னதை அம்மா காதிலேயே வாங்கவில்லை. அதற்குள் ஒரு சின்னக் கிண்ணத்தின் முன்னால் போய் நின்றுவிட்டார். "நம்ம மரத்துல பால் பிடிக்கிற மங்கு மாதிரியே இருக்கு. காட்டுல இதை எத்தனை ஆயிரம் தொடைச்சிருப்பேன். இதுக்குப் போயி கண்ணாடிப் பெட்டி, பூட்டு!"

கோல கங்சார் தம்பி:
அக்கா, அம்மாவை சாயோங்குக்கும் கூட்டிப் போங்கள். உங்கள் ஊரிலிருந்து பக்கம்தான், பேராக் ஆற்றுக்கு அக்கரை. லாபு சாயோங் என்று சுரைக்காய் வடிவத்தில் கறுப்புத் தண்ணீர்க் கூஜா செய்கிறார்களே, அந்த ஊர். கறுப்புச் சாயம் பூசுகிறார்கள் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். சுட்ட பானையைச் சூடு தணியும் முன்னே உமிக்குள் புதைக்கிறார்கள். உமி கருகிப் புகைந்து ஏறுகிற கறுப்பு அது. மண்ணில் கசிகிற நீர் ஆவியாவதால் உள்ளே இருப்பது சில்லென்று இருக்கிறது. தோட்டத்துப் பள்ளிப் பிள்ளைகளை அழைத்துப் போயிருந்தேன். கண்ணாடிப் பெட்டி இல்லை, தொடாதே என்று சொல்ல ஆளில்லை. திரும்பும்போது பஸ் இருக்கையெல்லாம் களிமண். டிரைவர் அண்ணனிடம் வாங்கிய ஏச்சு தனிக்கதை.

லயத்து மருமகள்:
எனக்கு அந்த அதிர்ஷ்டம் இல்லை. ஒரு கல்லூரிக் கலைக்கூடத்தில் (பெயர் வேண்டாம்) பொது உரை என்று போட்டிருந்தார்கள், போனேன். முன்வரிசை முழுக்க விருந்தினர். ஒன்றரை மணி நேரம் ஆங்கிலம். கேள்வி நேரத்தில், "இந்தச் சிலையை என்ன கல்லில் செதுக்கினார்கள்?" என்று மலாயில் கேட்டேன். 'பிறகு பேசலாம்' என்றார்கள். அந்தப் பிறகு இன்னும் வரவில்லை. கறிபாப் மட்டும் நன்றாக இருந்தது.

சுங்கை சிப்புட் அக்கா:
தங்கச்சி, அடுத்த தடவை எங்கள் அம்மாவைக் கூட்டிப் போ, பதில் வாங்காமல் நகர மாட்டார்.

சொல்ல மறந்துவிட்டேன். ஆத்தாவின் கெண்டி பரண்மேல் கிடைத்தது. மூக்கு நசுங்கியிருக்கிறது. அம்மா புளி போட்டுத் தேய்த்துப் பளபளவென்று வைத்திருக்கிறார். அருங்காட்சியகத்துக்குக் கொடுத்துவிடலாமா என்று கேட்டேன்.

"அப்புறம் நான் எதுல தண்ணி குடிக்கிறது?"