மழைக்காலத்துல மட்டும் மோட்டார் தானா ஆன் ஆகுது, போர்டுல பெரணி இலை மாதிரி ஏதோ

பம்புசெட்டு:
கோயம்புத்தூர் பக்கம், கிணத்து மோட்டாருக்கு கன்ட்ரோலர் போர்டு செஞ்சு கொடுக்கிறேங்க. வெயில் முழுக்க ஒழுங்கா ஓடுது. ஐப்பசி மழை பிடிச்சா நாலஞ்சு திரும்பி வந்துருது. இங்க மேசையில போட்டா ஒரு குறையும் இல்ல! நேத்து ஒண்ணுல மட்டும் லென்ஸ் வச்சுப் பாத்தேன். 5 வோல்ட் பின்னுக்கும் பக்கத்து சுவிட்ச் பின்னுக்கும் நடுவுல சாம்பல் நிறத்துல பொடிப்பொடிக் கிளை. பிரஷ் பட்டதும் உதிர்ந்துருச்சு. டின் விஸ்கரா (தகரப் பூச்சு மேல தானா முளைக்கிற முடி) இது? ஈரம் படாம இருக்க மேல கோட்டிங் அடிச்சா இது நிக்குமா?

பழைய சால்டர்:
விஸ்கர் ஒத்தை முடி மாதிரி நிக்கும், அதுக்கு ஈரமும் வேண்டாம், வோல்டேஜும் வேண்டாம். கிளை விட்டா அது டென்ட்ரைட், அதாவது மரக்கிளை மாதிரி வளர்ற உலோகப் படிவு. ஈரம் படிஞ்சு, அதுல அழுக்கு கரைஞ்சு, மேல டிசி இருந்தாப் போதும். பாசிட்டிவ் பக்கத்து உலோகம் அயனியா கரைஞ்சு நெகட்டிவ் பக்கம் போய்ப் படியும், அங்கிருந்து இந்தப் பக்கமா கிளை நீளும். அடுத்த பின்னைத் தொட்டதும் சுவிட்ச் அமுக்கின மாதிரி கரண்ட் பாஞ்சு, கிளை ஃப்யூஸ் மாதிரி எரிஞ்சுரும். உங்க மேசைக்கு வர்றப்ப பெரும்பாலும் தடயமே இருக்காது. கையால சால்டர் வைக்கிறப்ப தனியா ஃப்ளக்ஸ் (சால்டர் நல்லா ஒட்டறதுக்குப் பூசற ஆசிட் கலந்த திரவம்) போடறீங்களா?

பம்புசெட்டு:
பேனா ஃப்ளக்ஸ்ங்க. 'நோ கிளீன்'னு, அதாவது கழுவ வேண்டாம்னு போட்டிருக்கு, கழுவல.

பழைய சால்டர்:
மாட்டிக்கிட்டீங்க! முழுசா சூடு பட்ட ஃப்ளக்ஸுக்குத்தான் அந்தப் பேரு பொருந்தும். பேனாவுல இழுத்தா சால்டர் அயர்ன் சூடு படாத இடத்துக்கும் ஓடிரும். வேகாத அந்த ஆசிட் காத்துல இருக்கற ஈரத்தை இழுக்கும். ஐபிஏ (ஐசோபுரொப்பைல் ஆல்கஹால்) ஊத்தி பிரஷ் போட்டு, போர்டைச் சாய்ச்சு வழிய விடுங்க, துடைங்க. அப்படியே காய விட்டா அழுக்கு இடம் மாறுமே தவிர போகாது. கோட்டிங் அதுக்கப்புறந்தான். அழுக்கு மேல அடிச்சா, ஈரக் கரண்டி போட்ட ஊறுகாய் ஜாடியை இறுக்கி மூடின கதை.

கீபேட்:
பட்டன் ஷீட்ல கரண்ட் ஓடற கோடு வெள்ளி இங்க்கா இருந்தா அதையும் பாருங்க. இந்த விஷயத்துல வெள்ளிதான் படுமோசம், 1955லயே பெல் லேப்ஸ்காரங்க எழுதி வச்சிருக்காங்க. வெள்ளி மேல கார்பன் பூசின ஷீட்டா கேளுங்க. அடுத்த டிசைன்ல அந்த ரெண்டு பின்னையும் தள்ளி வைங்க.

பம்புசெட்டு:
கழுவினது ஒண்ணு, கழுவாதது ஒண்ணு, ரெண்டுக்கும் 5 வோல்ட் கொடுத்து ஈரத்துணியோட டப்பாவுல மூடி வச்சேன். மூணாம் நாள் காலையில கழுவாததுல மோட்டாரை ஆன் பண்ற ரிலே தானா டக்குடக்குன்னு அடிக்குது. ஐபிஏ அஞ்சு லிட்டர் கேனா வாங்கிட்டேங்க.