1492-ஆ, 1571-ஆ: உலகம் ஒரே சந்தையானது எந்த ஆண்டில்?

வெள்ளிப்பாளம்:
கொலம்பஸ் கரையேறிய 1492-இல்தான் உலகம் ஒன்றானது என்று பாடப்புத்தகங்கள் எழுதுகின்றன. எனக்கு இதில் உடன்பாடில்லை. அப்போது இணைந்தது அட்லாண்டிக்கின் இரு கரைகள்தான், பசிபிக் அப்படியே கிடந்தது. 1571 ஜூன் 24 அன்று ஸ்பானியத் தளபதி லெகாஸ்பி பிலிப்பைன்ஸின் மணிலாவை ஸ்பானிய நகரமாக நிறுவிய பிறகே அமெரிக்க வெள்ளியும் சீனப் பட்டும் நேருக்கு நேர் கைமாறின.

மேலைக்காற்று:
சந்தையை மட்டும் அளவுகோலாக எடுத்தால் அப்படித்தான் தெரியும். 1493-இல் கொலம்பஸ் 17 கப்பல்களில் குதிரை, பன்றி, மாடு, கரும்பு எல்லாம் கொண்டுபோனார். 1518-இல் கரீபியக் கடலின் ஹிஸ்பானியோலாத் தீவில் பெரியம்மை பரவியது. வெள்ளி கைமாறியது இதற்கு ஈடாகுமா? நம் சமையலையே பாருங்கள். மிளகாயைக் கொண்டுவந்தவர்கள் போர்த்துகீசியர்கள், அதுவும் மணிலா வழியாக அல்ல. மிளகின் காரத்தை வைத்து நாம் 'மிளகு காய்' என்றே பெயரிட்டுவிட்டோம்.

வெள்ளிப்பாளம்:
பெரியம்மையின் கொடுமையைக் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் சீனாவை 1492 தொடவில்லை. இங்கே விலைக் கணக்கு முக்கியம். 16-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஒரு பங்கு தங்கத்துக்குச் சீனாவில் 6 முதல் 8 பங்கு வெள்ளி போதும், ஸ்பெயினில் சுமார் 12 பங்கு வேண்டும். சீனாவில் வெள்ளிக்கு மதிப்பு அதிகம், அதனால் வெள்ளியை அங்கே அனுப்பினாலே லாபம்.

அந்த வெள்ளி எப்படிக் கிடைத்தது என்பதையும் பாருங்கள். இன்றைய பொலிவியாவிலுள்ள பொட்டோசி மலையில் 1545-இல் கண்ட நல்ல தாது 1570 வாக்கில் தீர்ந்துபோனது. மிஞ்சிய மட்டத் தாதுவைக் காற்று உலைகளில் உருக்கினால் கட்டுப்படியாகாது. 1571-72-இல்தான் பாதரச முறை அங்கே வந்தது. தாதுவை மாவாக இடித்து, உப்பும் நீரும் பாதரசமும் சேர்த்துப் பிசைந்து வாரக்கணக்கில் வைப்பார்கள். வெள்ளி பாதரசத்தில் ஒட்டிக்கொள்ளும். மண்ணைக் கழுவிவிட்டு, கலவையைத் துணியில் பிழிந்து சூடாக்கினால் பாதரசம் ஆவியாகி வெள்ளி மிஞ்சும். சுமார் 4,000 மீட்டர் உயரக் குளிரில் வினை மந்தமாகும், அதனால் கலவைத் தொட்டிக்கு அடியில் தீ மூட்டினார்கள். சூடு கூடினால் பாதரசம் பறந்துவிடும். அந்த இழப்பை ஈடுகட்ட பெருவின் ஹுவன்காவெலிகா சுரங்கத்திலிருந்து பாதரசம் வந்துகொண்டே இருக்க வேண்டும்.

மேலைக்காற்று:
வேதியியல் அருமை. ஆனால் சீனாவின் வெள்ளிப் பசிக்கு ஜப்பான் முன்பே தீனி போட்டுவிட்டது. அங்குள்ள இவாமி சுரங்கத்துக்கு 1533-இல் கொரியாவிலிருந்து வெள்ளித் தாதுவை உருக்கும் புதிய முறை வந்தது. 1557-இல் போர்த்துகீசியர் சீனக் கரையிலுள்ள மக்காவ் நகரில் குடியேறினர். 1567-இல் சீனாவின் மிங் அரசு புஜியான் மாகாணத்தில் கடல் வணிகத் தடையைத் தளர்த்தியது. இவை எல்லாம் மணிலாவுக்கு முந்தியவை.

நங்கூரம்:
இருவரும் காற்றை மறந்துவிட்டீர்கள். கொலம்பஸ் கேனரித் தீவுகளிலிருந்து 36 நாளில் மேற்கே போனார். வடக்கே ஏறி, மேற்கிலிருந்து வீசும் மேலைக்காற்றைப் பிடித்துத் திரும்பினார். போன வழியிலேயே திரும்பியிருந்தால் எதிர்க்காற்றில் சிக்கியிருப்பார். பசிபிக்கில் நடந்ததே அதுதான். 1522 முதல் ஆசியாவிலிருந்து அமெரிக்காவுக்குத் திரும்பும் ஒவ்வொரு முயற்சியும் தோற்றது. 1565 ஜூன் 1 அன்று பிலிப்பைன்ஸின் செபுவிலிருந்து புறப்பட்ட ஸ்பானியத் துறவி-மாலுமி உர்தனேத்தா வடக்கு அட்சரேகை சுமார் 38 பாகை வரை ஏறி, அக்டோபர் 8-இல் மெக்சிகோவின் அகாபுல்கோத் துறைமுகத்தை அடைந்தார். ஆகவே 1571 அல்ல, 1565.

வெள்ளிப்பாளம்:
வழி கிடைத்ததும் வணிகம் வந்துவிடாது. செபுவில் உணவே தட்டுப்பாடு. மணிலாவிலோ பெரிய விரிகுடாவும் ஏற்கெனவே வந்துபோன சீன வணிகர்களும் இருந்தார்கள். 1573-இல் அங்கிருந்து அகாபுல்கோவுக்குப் போன இரண்டு கப்பல்களில் 712 பட்டுத் துணிகளும் 22,300 பீங்கான்களும் இருந்தன.

மேலைக்காற்று:
அப்படியென்றால் உங்கள் கணக்குப்படியே 1573 அல்லவா வர வேண்டும்?

வெள்ளிப்பாளம்:
வரட்டும், 1573 என்றே வைத்துக்கொள்ளுங்கள். 1492-க்கு மட்டும் நான் திரும்ப மாட்டேன்.