யூகேவில் ஃபாரன்சிக் சைக்காலஜி: மெம்பர்ஷிப் வேறு, பதிவு வேறு

கேள்வி: அக்கா, சென்னையில் எம்.எஸ்சி. உளவியல் முடித்தேன். கணவருடன் பர்மிங்காம் வந்து இரண்டு மாதம் ஆகிறது. ஃபாரன்சிக் (குற்றம், சிறை, நீதிமன்றம் சார்ந்த உளவியல்) பக்கம் போக ஆசை. பி.பி.எஸ். (பிரிட்டிஷ் சைக்கலாஜிக்கல் சொசைட்டி) மெம்பர் ஆகிவிட்டால் வேலைக்கு விண்ணப்பிக்கலாமா?

பதில்: வந்த புதிதில் நானும் அப்படித்தான் நினைத்தேன் அம்மா. சந்தா கட்டிவிட்டு, சிவியில் ‘ஃபாரன்சிக் சைக்காலஜிஸ்ட்’ என்று கொட்டை எழுத்தில் போட்டு இன்டர்வியூவுக்குப் போய் உட்கார்ந்தேன். முதல் கேள்வியே எச்.சி.பி.சி. எண் என்ன என்பதுதான். திருதிருவென்று விழித்தேன்.

பி.பி.எஸ். 1901இல் தொடங்கிய சங்கம். சேர்வதும் சேராததும் நம் விருப்பம். எச்.சி.பி.சி. (ஹெல்த் அண்ட் கேர் ப்ரொஃபஷன்ஸ் கவுன்சில்) வைத்திருப்பது சட்டப்படியான பதிவேடு. வெறும் ‘சைக்காலஜிஸ்ட்’ என்று இங்கே யார் வேண்டுமானாலும் சொல்லிக்கொள்ளலாம், அது ஒரு வேடிக்கை. ஆனால் ‘ஃபாரன்சிக் சைக்காலஜிஸ்ட்’ என்ற பெயர் 2009 முதல் பதிவு செய்தவர்களுக்கு மட்டுமே. பதிவில்லாமல் அப்படிச் சொல்லி ஏமாற்றினால் குற்றம். எனக்கு அது அன்றைக்குத் தெரியாது.

நீங்கள் பொது உளவியல் படித்தவர். அதனால் முதலில் உங்கள் பட்டத்தை பி.பி.எஸ். மதிப்பிட்டு ‘ஜி.பி.சி.’ (கிராஜுவேட் பேசிஸ் ஃபார் சார்ட்டர்ட் மெம்பர்ஷிப்) என்ற அடிப்படைத் தகுதி தர வேண்டும். அப்புறம் அங்கீகாரம் பெற்ற ஃபாரன்சிக் எம்.எஸ்சி., அதன்பின் குறைந்தது இரண்டு ஆண்டு மேற்பார்வையில் பயிற்சி. நேரே டாக்டரேட் வழியும் உண்டு. பயிற்சி இடங்களில் பெரும்பகுதி சிறைத்துறையில். போட்டி கடுமை, பின்னணிச் சோதனை நீளும். பொறுமை வேண்டும்.

கேள்வி: அப்படியானால் மெம்பர்ஷிப் தண்டமா?

பதில்: இல்லை. சிறையில் நம் துறைக்காரர் நாலைந்து பேர்தான் இருப்பார்கள். கைதியை விடுவிக்கலாமா என்று முடிவெடுக்கும் பரோல் போர்டு முன் சாட்சி சொல்லிவிட்டு வரும் நாளில், அதைப் புரிந்துகொள்கிற ஆள் வேண்டும். சங்கத்தின் ஃபாரன்சிக் பிரிவில் எனக்கு அந்த ஆட்கள் கிடைத்தார்கள்.

சி.பி.டி., அதாவது வேலையில் இருந்துகொண்டே தொடர்ந்து கற்பது பற்றியும் சொல்லிவிடுகிறேன். எச்.சி.பி.சி. பதிவு இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்கப்படும். அப்போது நூற்றுக்கு 2.5 பேரைத் தேர்ந்தெடுத்து, என்ன கற்றீர்கள் என்று விவரம் கேட்பார்கள். இத்தனை மணி நேரம் என்ற கணக்கு கிடையாது. கற்றது உங்கள் வேலையை எப்படி மாற்றியது, எதிரில் இருப்பவருக்கு என்ன பயன் என்று எழுத வேண்டும். எச்.சி.ஆர்-20 (ஒருவர் வன்முறையில் இறங்கும் அபாயத்தை மதிப்பிடும் கருவி) பயிற்சிக்குப் போனீர்கள் என்றால் சான்றிதழை மட்டும் கோப்பில் வைக்காதீர்கள். அடுத்த ரிஸ்க் ரிப்போர்ட்டை எப்படி வேறு மாதிரி எழுதினீர்கள் என்று அன்றைக்கே நாலு வரி குறித்துவையுங்கள். கைதியின் பெயரோ, ஊரோ, வழக்கோ அதில் வரவே கூடாது.

கேள்வி: ஜி.பி.சி.க்கு இப்போதே என்ன செய்யட்டும்?

பதில்: பி.ஏ., எம்.எஸ்சி. இரண்டுக்கும் டிரான்ஸ்கிரிப்ட்டும் பாடத்திட்டமும் கையில் இருக்கட்டும். ஊரில் அப்பாவை யுனிவர்சிட்டிக்கு அனுப்புங்கள். ஒரே நடையில் முடியாது, முன்கூட்டியே சொல்லிவையுங்கள்.