படிக்கப் போன நாட்டுக்கு அப்பா அம்மா வந்தபோது: நம்ம மாவட்டத்துக்காரர்கள் அனுபவம்

குலசேகரத்துப் பெண்:

பினாங்கில் ஆராய்ச்சிப் படிப்பு படிக்கிறேன். சொந்த ஊர் கன்னியாகுமரி மாவட்டத்தில் குலசேகரம் பக்கம். அப்பா ரப்பர் பால் வெட்டுகிறவர். சொந்தமாகக் கொஞ்சம் மரம் உண்டு, மீதி அடுத்தவர் தோட்டம். போன வருடம் விடுமுறையில் அப்பா, அம்மா, தம்பி மூன்று பேரையும் வரவழைத்துப் பதினோரு நாள் சுற்றினோம். கொஞ்சம் நீளமாகத்தான் எழுதப் போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

திருவனந்தபுரத்திலிருந்து கோலாலம்பூருக்கு நான்கு மணி நேரம்தான். ஆனால் பெட்டியில் அம்மா கட்டி வைத்திருந்தது நான்கு மாதத்துக்கானது. ஏத்தங்காய் வத்தல், முந்திரிக்கொத்து, அப்புறம் மூன்று கிலோ கருப்பட்டி. ஸ்கேனரில் கருப்பாக வட்டம் வட்டமாகத் தெரிந்ததும் பெட்டியைத் திறக்கச் சொல்லிவிட்டார்கள். அங்கிருந்த அதிகாரி மலாய்க்காரர். ஒன்றை எடுத்து முகர்ந்து பார்த்து, "குலா மலாக்கா?" என்றார். தம்பி என்ன ஏது என்று தெரியாமலே தலையாட்டினான், விட்டுவிட்டார். அந்த ஊரில் பனை, தென்னைப் பதநீர் காய்ச்சி எடுக்கும் சர்க்கரைக்கு அதுதான் பெயர். மலாக்கா சர்க்கரை. பிறகு பினாங்குச் சந்தையில் அது உருளை உருளையாக அடுக்கியிருப்பதைப் பார்த்து அம்மாவுக்கு ஒரே கோபம். "இங்கயே கிடைக்குதுன்னா போன்ல சொல்லப்பிடாதா மக்களே? நான் இதச் சொமந்துட்டு வந்தேனே!"

கோலாலம்பூரில் நான் போட்ட திட்டமெல்லாம் சப்பென்று போயிற்று. இரட்டைக் கோபுரத்துக்குக் கீழே நின்று அப்பா அண்ணாந்து பார்த்தார். "கழுத்து வலிக்கி" என்றார், அவ்வளவுதான். நாங்கள் வேதக்காரர்கள், அதாவது கிறிஸ்தவர்கள், இருந்தாலும் அவ்வளவு தூரம் போய்விட்டுப் பத்துமலை முருகனைப் பார்க்காமல் வர முடியுமா? 272 படி ஏறி இறங்கிய அம்மாவுக்கு முட்டுவலி. அடுத்த நாள் முழுக்க அறையிலேயே இருந்தோம்.

அப்பாவின் முகம் முதன்முதலாக மாறியது கோலகங்சாரில். பினாங்கிலிருந்து காரில் ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் ஆகும். சுற்றுலா என்று அங்கே யாரும் பெரிதாகப் போவதில்லை. நான் கூட்டிப்போனது ஒரே ஒரு மரத்தைக் காட்டத்தான். இங்கிலாந்தின் கியூ தோட்டத்திலிருந்து 1877இல் சிங்கப்பூருக்கு வந்த 22 ரப்பர் நாற்றுகளில் சில இந்த ஊருக்கு வந்தன. அவற்றில் ஒன்று இன்னும் நிற்கிறது. அப்பா சுற்றிச் சுற்றி வந்து, வெட்டுத் தழும்பு எங்கே என்று தேடினார். சிங்கப்பூர்த் தோட்டத்தில் இருந்த ரிட்லி என்ற வெள்ளைக்காரர்தான் மரம் சாகாமல் பட்டையை மட்டும் மெல்லிசாகச் சீவிப் பால் எடுக்கும் முறையைக் கண்டுபிடித்தார் என்று சொன்னேன். விதையைப் பையில் போட்டுக்கொண்டு போகிற வருகிற தோட்டக்காரர்களிடமெல்லாம் கொடுத்தாராம். நூறு வயது வரை இருந்தாராம்.

அப்பா கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், "அப்போ என்னைய முப்பது வருசமா விடியக்காலம் நாலு மணிக்கு எழுப்பி விடுற ஆளு இவன்தானா" என்றார். தம்பி சிரித்த சிரிப்பில் பக்கத்தில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

அங்கிருந்து தாய்லாந்து. என்னோடு படிக்கும் தாய்லாந்துப் பெண்ணின் வீடு ஹாட்யாய்க்கு வெளியே இருக்கிறது, அவர்களும் ரப்பர்க்காரர்கள். பட்டர்வொர்த்தில் ரயில் ஏறி பாடாங் பெசாரில் இறங்கினால் ஒரே ஸ்டேஷனுக்குள் இரண்டு நாட்டு முத்திரையும் குத்தி அனுப்புகிறார்கள். கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் திருப்ப வேண்டும். அம்மா கடைசி வரை திருப்பவே இல்லை. இந்திய நேரத்திலேயே இருந்தார்.

அன்று ராத்திரி இரண்டு மணிக்கு எழுந்து பார்த்தால் அப்பாவின் படுக்கை காலி. பதறிப்போய் வெளியே வந்தேன். தோட்டத்துக்குள் இரண்டு வெளிச்சம் நகர்ந்துகொண்டிருந்தது. ஒன்று அந்தப் பெண்ணின் சித்தப்பா, நெற்றியில் விளக்குக் கட்டிக்கொண்டு. இன்னொன்று என் அப்பா, கையில் செல்போன் டார்ச்சோடு. அங்கே வெட்டு ராத்திரியிலேயே ஆரம்பித்துவிடுமாம். குளிர்ச்சியில் பால் நன்றாக இறங்கும் என்பது அப்பாவுக்கும் தெரியும், ஆனால் இரண்டு மணிக்கா என்று அவருக்கே ஆச்சரியம்.

இருவருக்கும் ஒரு வார்த்தை பொதுவாகக் கிடையாது. அப்பா ஒரு மரத்தைத் தட்டி, உள்ளங்கையில் விரலால் 600 என்று எழுதிக் காட்டியிருக்கிறார். அவர் வேகமாகத் தலையாட்டியிருக்கிறார். ஆர்.ஆர்.ஐ.எம். 600, மலேயாவில் உருவாக்கிய ரகம், தாய்லாந்தில் எங்கு பார்த்தாலும் அதுதான். நம்ம ஊரில் 105 என்ற ரகம் வருவதற்கு முன்னால் வைத்த தோட்டங்களிலும் அது உண்டு. மரத்தைப் பார்த்தே அப்பா ரகம் சொல்லுவார் என்பது இத்தனை வருடமாக எனக்குத் தெரியாது. நான் படிப்பது பாலிமர், அதையும் இங்கே சொல்லிவிடுகிறேன், சிரிக்காதீர்கள்.

அவர் கத்தியைக் கொடுத்தார். நம்ம ஊர்க் கத்தி மாதிரி இல்லை, முதல் மரத்தில் அப்பாவுக்குக் கை வரவில்லை. இரண்டாவது மரத்தில் இடது மேலிருந்து வலது கீழாக ஒரே இழுப்பு. சீவல் நூல் மாதிரி விழுந்தது. பால் கோடு பிடித்து இறங்கிக் கிண்ணத்தில் சொட்டியது. அந்த மனிதர் விளக்கை அப்பாவின் முகத்துக்கு நேராகத் திருப்பிக் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினார். காலையில் அந்த வீட்டில் எங்களுக்கு ராஜமரியாதை. அப்பாவின் நகக்கண்ணில் ஒட்டியிருந்த பாலை அம்மா உரித்து எடுத்துக்கொண்டே, "காசு செலவழிச்சு பிளைட்டு ஏறி வந்து, இங்கயும் பால் வெட்டத்தான் வந்தியளா?" என்று கேட்டார்.

அம்மாவின் முறை மலாக்காவில் வந்தது. அம்மா பிறந்தது கோட்டாறு. டிசம்பர் 3 சவேரியார் கோயில் திருவிழாவுக்கு நம்ம மாவட்டத்துக்கே லீவு விடுவது உங்களுக்குத் தெரியும். செயின்ட் பால் குன்றின் மேல் கூரை இல்லாத பழைய கோயில் இருக்கிறது. சீனக் கரையோரத் தீவில் 1552இல் இறந்த சவேரியாரின் உடலை 1553இல் இங்கே கொண்டுவந்து சில மாதம் வைத்திருந்தார்கள். அப்புறம்தான் கோவா. உடல் வைத்திருந்த இடம் இப்போது வெறும் குழி, மேலே கம்பிவலை. வெளியே நிற்கும் சவேரியார் சிலைக்கு வலது கை கிடையாது, மரம் விழுந்து உடைந்ததாம்.

"காலிக் குழிக்கு முன்னால எதுக்கும்மா முட்டுப் போடுற?" என்று தம்பி கேட்டான். "ஆளு கெடந்த எடம்தானலே" என்றார் அம்மா. முட்டுவலியோடு முழங்காலில் நின்று, முந்தியில் முடிந்து வைத்திருந்த இந்திய ஒரு ரூபாயை வலை வழியாகப் போட்டார். அந்த ரூபாய் கோட்டாறிலிருந்தே வந்ததாம். எங்களிடம் சொல்லவேயில்லை.

கீழே இறங்கினால் சிவப்புச் சாயம் அடித்த டச்சுக்காரர்களின் பழைய மாளிகை. அவர்கள் மலாக்காவைப் பிடித்தது 1641இல் என்று பலகையில் வாசித்தேன். அப்பா விரல் விட்டு எண்ணி, "சரியா நூறு வருசம் கழிச்சு நம்ம குளச்சல்ல வந்து மார்த்தாண்டவர்மாகிட்ட மாட்டினானுவ" என்றார்.

தூத்தூர்க்காரன்:

வாசித்துக்கொண்டே வந்து சவேரியார் பகுதியில் நின்றுவிட்டேன். நான் ஜப்பானில் ககோஷிமாவில் மீன்வளம் படித்தவன். சவேரியார் 1549இல் ஜப்பானில் முதலில் கால் வைத்த ஊர் அது. அவரை அங்கே கூட்டிப்போன ஜப்பான்காரர் அவரைச் சந்தித்ததும் உங்கள் அம்மா முழங்காலிட்ட அதே மலாக்காவில்தான். ஊரில் அவர் பெயரில் ஒரு பூங்காவே இருக்கிறது. எங்க அப்பா வந்திருந்தபோது கூட்டிப்போனேன். "கோட்டாறுல இருந்து இம்புட்டு தூரமா? அந்தக் காலத்துல பாய்க்கப்பல்ல?" என்றார். சுறா பிடிக்க மாதக்கணக்கில் ஆழ்கடலில் கிடந்த மனுசன் அவர், அந்தக் கேள்வியை அவர் கேட்டது வேறு மாதிரி இருந்தது.

அப்பா மறக்காதது அது இல்லை. அங்கே மகுராசாகி என்று ஒரு துறைமுகம். ஊருக்குள் நுழைந்ததுமே புகை வாடை. அப்பா வண்டியில் உட்கார்ந்தபடியே, "மாசி!" என்றார். சூரை மீனை அவித்து, புகை போட்டு, கட்டை மாதிரி ஆகும்வரை காயவைக்கிறார்கள். ஜப்பான்காரர்கள் அதைச் சீவிச் சீவி எல்லாக் குழம்புக்கும் போடுகிறார்கள். மினிக்காய் தீவிலும் மாலத்தீவிலும் செய்கிற மாசிதான், கொஞ்சம் கூடுதல் சிரத்தை. கடையில் அப்பா இரண்டு துண்டை எடுத்து ஒன்றோடொன்று தட்டிப் பார்த்தார். கணீரென்று சத்தம் கேட்டால்தான் நல்ல காய்ச்சல். கடைக்காரப் பாட்டியும் அப்படித்தான் தட்டி விற்றுக்கொண்டிருந்தார். இருவரும் மாறி மாறித் தட்டினார்கள், விலை கேட்கத்தான் நான் தேவைப்பட்டேன். விலையைக் கேட்டதும் அப்பா துண்டை மெதுவாகக் கீழே வைத்துவிட்டார்.

சுசீந்திரம்:

எல்லோரும் நல்லதாகவே எழுதுகிறீர்கள். எங்கள் வீட்டில் முதல் மூன்று நாள் நரகம். நான் தைவானில் படித்தேன். அம்மாவும் ஆச்சியும் வந்தார்கள். ஆச்சி சுத்த சைவம், பூண்டு கிடையாது, வெங்காயம்கூடப் பல நாள் கிடையாது. மீன் வாடை வந்தால் தெருவையே மாற்றச் சொன்னார். கொண்டுவந்த புளிக்காய்ச்சல் மூன்றாம் நாளோடு தீர்ந்தது.

நான்காம் நாள் தைபேயில் ஒரு சந்தில் ஆச்சி சடாரென்று நின்றார். கடைப் பலகையில் ஸ்வஸ்திகம். நம்ம ஊரில் போடுவதற்கு எதிர்ப்பக்கம் திரும்பியது. புத்தமதக்காரர்கள் நடத்தும் சைவச் சாப்பாட்டுக் கடைகளுக்கு அங்கே அதுதான் அடையாளம். அவர்கள் சைவத்தில் வெங்காயமும் பூண்டும் சேர்க்க மாட்டார்கள். இரண்டு வருடம் அங்கே குப்பை கொட்டிய எனக்கு இது தெரியாது. அதன்பிறகு எங்களுக்கு வழிகாட்டி ஆச்சிதான். பலகைகளை அண்ணாந்து பார்த்தபடி முன்னால் நடப்பார், நாங்கள் பின்னால். நான் வாய்க்குள் வைக்க முடியாது என்று ஒதுக்கியிருந்த ஊறிய சோயாவை, "நம்ம உளுந்தங்கஞ்சிக்கு இது பரவாயில்ல" என்று தின்றார்.

ஒரு கேள்வி: விசா, காகிதம் எல்லாம் எப்படிச் சமாளித்தீர்கள்? என் தம்பி மலேசியா போகிறான்.

குலசேகரத்துப் பெண்:

நாங்கள் போனபோது இரண்டு நாட்டுக்குமே இந்தியர்களுக்குச் சுற்றுலா விசா தேவைப்படவில்லை. மலேசியாவுக்குப் போவதற்கு முந்தைய மூன்று நாளுக்குள் ஆன்லைனில் வருகை அட்டை நிரப்ப வேண்டும், தாய்லாந்துக்கும் அதே மாதிரி ஒன்று. விதிகள் மாறிக்கொண்டே இருக்கும், டிக்கெட் போடும் முன் அந்தந்த நாட்டு அரசுத் தளத்தில் பார்த்துவிடுங்கள்.

எங்களுக்கு வந்த தலைவலி வேறு. அப்பாவின் பாஸ்போர்ட்டில் குடும்பப்பெயர் என்ற இடமே காலி, நம்மில் பாதிப் பேருக்கு அப்படித்தான். டிக்கெட் போட்ட ஏஜெண்ட் தன் இஷ்டத்துக்குத் தாத்தா பெயரை அந்த இடத்தில் நிரப்பிவிட்டார். கவுண்டரில் முக்கால் மணி நேரம் நிறுத்திவைத்தார்கள். அப்பா திரும்பிப் போய்விடலாம் என்றே சொல்லிவிட்டார். தம்பியிடம் சொல்லுங்கள், பெயர் பாஸ்போர்ட்டில் இருப்பது மாதிரி எழுத்துக்கு எழுத்து இருக்கிறதா என்று காசு கட்டும் முன்னாலேயே பார்க்கட்டும்.

அந்தத் தாய்லாந்துச் சித்தப்பாவும் எங்க அப்பாவும் இப்போது வாட்ஸப்பில் இருக்கிறார்கள். எழுத்து ஒன்றும் கிடையாது, படம் மட்டும்தான். ஷீட் காயப்போட்ட படம், புதிதாக வெட்டுத் திறந்த மரம், அவர் வீட்டு நாய். நவம்பரில் இரண்டு ஊரிலும் மழை. ஒரு வாரமாக இரண்டு பக்கமும் ஒரே படம்தான் போகிறது, வருகிறது: தண்ணீர் நிறைந்த கிண்ணமும் நனைந்த பட்டையும்.