கோப்பாய் வீடு: மொறிஸும் பெற்றோலும்

*24 மே 2022, செவ்வாய்*

[காலை 6:05] அண்ணா: விடிய மூன்று மணிக்குப் பெற்றோல் விலை கூட்டிவிட்டார்கள். 92 ஒக்டேன் 338 இலிருந்து 420. 95 என்றால் 450. அப்பா, பார்த்தீர்களா?

[காலை 6:11] அப்பா: வானொலியில் கேட்டேன்.

[காலை 6:12] அண்ணா: ஜனவரியில் 177 ரூபாய்க்கு அடித்தோம். ஐந்து மாதம் ஆகவில்லை.

[காலை 6:14] அண்ணா: சொல்கிறேன் என்று கோபிக்க வேண்டாம். உங்கள் பழைய மொறிஸ் காரை இனி என்ன செய்யப் போகிறீர்கள்? ஞாயிறு தவறாமல் கசூரினா கடற்கரைக்குப் போய்வருவது இனிக் கட்டுமா?

[காலை 6:20] கனடா மாமி: விடிந்ததும் விடியாததுமாக அப்பாவுக்கு ஏன் கரைச்சல் கொடுக்கிறாய் தம்பி? தேத்தண்ணியாவது குடித்தாரா?

[காலை 6:31] அப்பா: குடித்தாயிற்று தங்கச்சி. பெடியன் கேட்பதில் பிழையில்லை, கணக்குப் பார்ப்போம். இங்கிருந்து கசூரினா போய்வர ஐம்பது கிலோமீட்டர் சொச்சம். மொறிஸ் நல்ல நிலையில் லிட்டருக்கு 13 ஓடும். ஆக நான்கு லிட்டர். ஜனவரியில் 700 ரூபாயோடு முடிந்த பயணம், இன்றைக்கு 1,700 ரூபாய். மாதம் நான்கு ஞாயிறு என்றால் ஓய்வூதியத்தில் பெரிய ஓட்டை.

[காலை 6:33] அப்பா: ஒஸ்ரின் ஏ40 வைத்திருக்கும் கந்தர்மடத்து அண்ணருக்கு இன்னும் கஷ்டம். அது 1200 சீசீ, பாரமான கார். லிட்டருக்குப் பத்துத்தான் தரும்.

[காலை 6:35] நான்: அப்போ ஞாயிறு ஓட்டம் நிற்கிறதா அப்பா?

[காலை 6:44] அப்பா: இல்லைப் பிள்ளை. பழைய கார் வைத்திருக்கும் நாங்கள் நாலு பேரும் நேற்றே கதைத்தோம். இதுவரை நாலு காரும் வரிசையாகப் போகும், அதுதான் அழகு. இனி ஒரு ஞாயிறுக்கு ஒரு கார். மற்ற மூன்று பேரும் அதிலேயே ஏறுவது, காசைப் பங்குபோடுவது. அடுத்த முறை அடுத்த கார். அதுவும் இரண்டு கிழமைக்கு ஒருக்கால்.

[காலை 6:46] அப்பா: கார் நின்றுவிடக் கூடாது. அதுதான் என் கவலை. விலை ஏறினால் குறைத்து ஓடலாம். ஓடாமல் விட்டால் காருக்கு அதுதான் சாவு.

[காலை 7:02] அண்ணா: எனக்கு வேறொரு யோசனை. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தியதிலிருந்து பழைய கார்களுக்கும் நல்ல விலை. இங்கே கொழும்பில் ஒருவர் மொறிஸ் தேடுகிறார். கை காட்டும் சிக்னலோடு 1959 மொடல் என்றதும் ஆளுக்கு நித்திரை இல்லை. ஒரு தரம் யோசியுங்கள்.

[காலை 7:03] கனடா மாமி: விற்கவோ?

[காலை 7:03] கனடா மாமி: எங்களைப் பெற்ற ஐயாவின் காரையோ?

[காலை 7:15] அப்பா: தேடுகிறவருக்கு நல்ல கார் கிடைக்கட்டும். இது விற்பனைக்கு இல்லை.

[பகல் 12:40] லண்டன் சித்தப்பா: இப்போதுதான் எழும்பிப் பார்க்கிறேன். பெரியண்ணா, மண்ணெண்ணெய் இன்னும் 87 ரூபாய்தானே? இந்தக் கார் மண்ணெண்ணெய்க்குப் பழகின கார். 90களில் ஓடவில்லையா?

[பகல் 12:52] நான்: மண்ணெண்ணெயிலா? உண்மையாகவா?

[பகல் 1:25] அப்பா: உண்மைதான் பிள்ளை. நீ அப்போது பிறக்கவில்லை. 1990 ஆனியில் சண்டை திரும்பத் தொடங்கியதும் பொருளாதாரத் தடை வந்தது. யாழ்ப்பாணக் குடாநாட்டுக்குள் பெற்றோல் வராது. வந்த சொட்டும் போத்தலில், மருந்து மாதிரித்தான் விற்றார்கள். ஆனால் மொறிஸ், ஏ40, கேம்பிரிட்ஜ், தட்டிவான் எல்லாம் ஓடின. எப்படி? தாங்கியில் மண்ணெண்ணெய். ஸ்டார்ட் பண்ண மட்டும் பெற்றோல். குளிர்ந்த எஞ்சினில் மண்ணெண்ணெய் ஆவியாகாது, பற்றாது. அதனால் ஐயா ஊசி மருந்துச் சிறிஞ்சில் பெற்றோல் எடுத்துக் காபரேற்றர் வாயில் விடுவார். நான் முன்னால் நின்று, எஞ்சினைச் சுழற்றும் கம்பியைச் சுற்றுவேன். எஞ்சின் சூடேறும்வரை ஒருவர் சொட்டுச் சொட்டாக விட்டுக்கொண்டே இருக்க வேண்டும். சூடேறினால் பிறகு மண்ணெண்ணெயில் ஓடும். வெள்ளைப் புகையும் மணமும் ஒழுங்கை முழுக்க நிற்கும். இடையில் எங்கேயும் எஞ்சினை நிறுத்தப் பயம், நிறுத்தினால் இன்னொரு சிறிஞ்ச் பெற்றோல் வேண்டும்.

[பகல் 1:27] அப்பா: சனமெல்லாம் இடம்பெயர்ந்த 1995 ஒக்டோபர் 30 இரவு அம்மாவையும் இரண்டு சாக்கு அரிசியையும் ஏற்றிக்கொண்டு சாவகச்சேரிக்கு வெளிக்கிட்டதும் அந்த மண்ணெண்ணெயில்தான். சனத்துக்குள் கார் நகரவில்லை. மெதுவாக உருட்டினால் எஞ்சின் அடைத்துக்கொள்ளும். பாதித் தூரம் தள்ளினோம்.

[பகல் 1:30] லண்டன் சித்தப்பா: பின்னால் நின்று தள்ளியது நான். இப்போதும் தோளில் அந்த நோ இருக்கிறது போல.

[பகல் 1:41] அப்பா: ஓம் தம்பி. ஆனால் இப்போது அதைச் செய்ய மாட்டேன். மண்ணெண்ணெய் முழுதாக எரியாது. எரியாதது பிஸ்ரன் பக்கத்தால் இறங்கி ஒயிலோடு கலக்கும், ஒயில் தண்ணீராகிவிடும். பிளக்கெல்லாம் கரி. எஞ்சினும் ஏற்றத்தில் சுத்தியலால் அடிக்கிற மாதிரித் தட்டும். சிலிண்டரைப் போர் அடித்து, பிஸ்ரன் மாற்றி, அந்த எஞ்சினை மனிசராக்க எனக்கு எத்தனை வருஷம் பிடித்தது தெரியுமா?

[பகல் 1:43] அப்பா: அதைவிடப் பெரிய காரணம் இருக்கிறது. இன்றைக்கு மண்ணெண்ணெய் குருநகர்க்காரன் கடலுக்குப் போகவும், எங்கள் பக்கத்து வெங்காயத் தோட்டத்துக்குத் தண்ணி இறைக்கவும் போதவில்லை. அவன் வயிற்றுப்பாட்டை எடுத்து நான் உலாத்தப் போகக் கூடாது.

[பகல் 1:50] லண்டன் சித்தப்பா: சரி அண்ணா. அது நான் யோசிக்கவில்லை.

[பகல் 1:58] லண்டன் சித்தப்பா: இங்கேயும் பழைய கார்க்காரர் முழிக்கிறார்கள். நாற்பது வயது தாண்டிய காருக்கு வீதி வரி இல்லை, அது நல்லது. ஆனால் போன செப்டெம்பரிலிருந்து சாதாரண பெற்றோலில் பத்து வீதம் வரை எத்தனால் கலக்கிறார்கள். அது பழைய றப்பர் குழாய்களைத் தின்னும், ஈரத்தையும் இழுக்கும். அதனால் விலை கூடின ஐந்து வீதப் பெற்றோல்தான் போட வேண்டும். பக்கத்து வீட்டுக் கிழவர் தன் மொறிஸை மாதத்துக்கு ஒருக்கால்தான் வெளியே எடுக்கிறார்.

[பகல் 2:04] லண்டன் சித்தப்பா: அவரிடம் ஒரு நாள் சொன்னேன், மொறிஸுக்குத் தகட்டுப் பாகங்கள் 90களில் இலங்கையில் செய்து இங்குள்ள பாத் நகரத்துக்கு அனுப்பினார்கள் என்று. அவருக்குத் தெரிந்திருந்தது! தன் காரின் மட்காட் அப்படி வந்ததுதான் என்று தட்டிக் காட்டினார்.

[பகல் 2:10] அப்பா: அந்த மட்காட்டை ஒரு படம் எடுத்து அனுப்பு.

*26 ஜூன் 2022, ஞாயிறு*

[காலை 5:48] அண்ணா: இரவு இரண்டு மணிக்குத் திரும்பவும். 92 இப்போது 470. 95 க்கு 550.

[காலை 5:50] அண்ணா: விலையைப் பார்த்து என்ன? பெற்றோலே இல்லை. இங்கே வரிசை அடுத்த சந்தியையும் தாண்டி நிற்கிறது. காருக்குள்ளேயே படுக்கிறார்கள்.

[காலை 6:10] கனடா மாமி: அண்ணா, நான் காசு அனுப்புகிறேன். யோசிக்காமல் சொல்லுங்கள்.

[காலை 6:18] அப்பா: காசு வேண்டாம் தங்கச்சி. காசைக் கொடுத்தாலும் அடிக்கப் பெற்றோல் வேண்டுமே. தாங்கியில் குச்சி விட்டுப் பார்த்தேன், ஒன்பது லிட்டர் இருக்கிறது.

[காலை 6:25] நான்: அப்பா, ஒன்று கேட்கலாமா? சனம் வரிசையில் இரண்டு மூன்று நாளாக நிற்கிறது. இந்த நேரத்தில் நாங்கள் கசூரினாவுக்கு ஓடுவது சரியா? போன முறை போகும்போதே சந்தியில் நின்றவர்கள் பார்த்த பார்வை எனக்கு ஒரு மாதிரி இருந்தது.

[காலை 6:52] அப்பா: சரியில்லைப் பிள்ளை. எனக்கும் அதே எண்ணம். நிலைமை மாறும்வரை ஞாயிறு ஓட்டம் இல்லை என்று மற்ற மூன்று பேருக்கும் சொல்லிவிட்டேன்.

[காலை 7:15] அண்ணா: ஓடாமல் விட்டால் கார் செத்துவிடும் என்றீர்களே?

[காலை 7:40] அப்பா: பெற்றோல் இல்லாமலும் கொஞ்சம் உயிரோடு வைத்திருக்கலாம். பிளக் நாலையும் கழற்றிவிட்டு, முன்னால் கம்பியைச் செருகிக் கையால் இருபது முப்பது சுற்று. ஒயில் மேலே ஏறும், பிஸ்ரன் வளையம் ஒட்டாது. பிறகு முற்றத்தில் முன்னும் பின்னும் ஒரு கார் நீளம் உருட்ட வேண்டும், ரயர் ஒரே இடத்தில் நசியாது. கிளச்சை மிதித்துவிட வேண்டும், இல்லாவிட்டால் தட்டு ஒட்டிப் பிடித்துக்கொள்ளும். பிறேக்கும் அப்படித்தான். பற்றரி வயரைக் கழற்றியாயிற்று.

[காலை 7:43] அப்பா: சும்மா நிற்க வைத்து ஐந்து நிமிஷம் எஞ்சினை ஓடவிடுவது மட்டும் கூடாது. அதைத்தான் எல்லோரும் செய்கிறார்கள். அரைச் சூட்டில் நிறுத்தினால் சைலன்சருக்குள் தண்ணி தேங்கித் துருப்பிடிக்கும். பெற்றோலும் வீண். எடுத்தால் பத்துப் பதினைந்து கிலோமீட்டர் ஒழுங்காக ஓட வேண்டும், இல்லாவிட்டால் தொடவே கூடாது.

[காலை 7:44] நான்: இன்றைக்குப் பின்னேரம் நான் வந்து உருட்டித் தருகிறேன். தனியாகத் தள்ள வேண்டாம்.

*27 ஜூன் 2022, திங்கள்*

[இரவு 9:20] அண்ணா: நாளையிலிருந்து ஜூலை 10 வரை அத்தியாவசிய சேவைக்கு மட்டும்தான் எரிபொருளாம்.

[இரவு 9:36] நான்: மூன்றாம் வீட்டு ஓட்டோ அண்ணா பின்னேரம் வந்தார். இரண்டு நாளாக ஓட்டம் இல்லை, வீட்டில் மூன்று பிள்ளைகள். அவர் எதுவும் கேட்கவில்லை. அப்பாதான் குழாயை எடுத்து மொறிஸிலிருந்து மூன்று லிட்டர் இறக்கிக் கொடுத்தார்.

[இரவு 9:41] அண்ணா: அப்பா! அது இனிக் கிடைக்காத பெற்றோல்.

[இரவு 9:55] அப்பா: அப்பம்மாவைக் கிளினிக்குக்கு ஏற்றி இறக்குகிறவன் அவன்தான். ஆறு லிட்டர் மிச்சம் இருக்கிறது. எனக்கு மூன்று போதும். ஆடி அமாவாசை ஒன்றுக்குத்தான் அதை வைத்திருக்கிறேன்.

[இரவு 9:57] கனடா மாமி: கீரிமலைக்கா அண்ணா?

[இரவு 9:58] அப்பா: ஓம்.

*28 ஜூலை 2022, வியாழன்*

[காலை 10:12] நான்: [படம்]

[காலை 10:12] நான்: [படம்]

[காலை 10:15] நான்: கீரிமலைக் கேணியடியில் நிற்கிறோம். பிதிர்க்கடன் முடிந்தது. அதிகாலையிலேயே வெளிக்கிட்டோம். ஒரு மாதம் கையால் மட்டும் சுற்றிய எஞ்சின், மூன்றாம் சுற்றில் பிடித்தது. உரும்பிராய், சுன்னாகம், மல்லாகம் முழுக்கச் சைக்கிள்தான். பின்சீட்டில் ஓட்டோ அண்ணாவின் தாயாரும் எங்களோடு வந்தார், அவருக்கும் இன்று செலுத்த வேண்டியிருந்தது.

[காலை 10:19] கனடா மாமி: ஐயா ஓட்டும்போது முன்கண்ணாடியில் தொங்கும் அந்தச் சின்ன வேல் இப்போதும் இருக்கிறதே!

[காலை 10:22] கனடா மாமி: அழுகை வருகிறது.

[பகல் 12:30] அப்பா: வீடு வந்தாயிற்று. குச்சி விட்டுப் பார்த்தேன். போய்வர முப்பத்தைந்து கிலோமீட்டருக்குள். மூன்று லிட்டருக்குக் கொஞ்சம் குறைவு. மணிக்கு 60 தாண்டவில்லை. ரயருக்கு நேற்றே காற்று சரி பார்த்திருந்தேன்.

[பகல் 12:48] லண்டன் சித்தப்பா: இங்கே லிட்டர் ஒரு பவுண் தொண்ணூறைத் தொட்டுத் திரும்பியிருக்கிறது. பக்கத்து வீட்டுக்காரருக்கு உங்கள் படத்தைக் காட்டினேன். தானும் கம்பியால் சுற்றிப் பழக வேண்டும் என்கிறார்.

*1 ஓகஸ்ட் 2022, திங்கள்*

[மாலை 5:30] நான்: அப்பாவின் மொறிஸுக்கு எரிபொருள் பங்கீட்டுக் கியூ.ஆர். வந்துவிட்டது! சேசிஸ் இலக்கத்தைத் தேடி பொனற்றைத் திறந்து, துருவைத் துடைத்துத்தான் படிக்க வேண்டியிருந்தது. காருக்குக் கிழமைக்கு 20 லிட்டர். 1959 காருக்கும் புதிய காருக்கும் ஒரே அளவு.

[மாலை 5:34] அண்ணா: கிழமைக்கு இருபதா! அப்போ கசூரினா திரும்பவும் தொடங்கலாம்.

[மாலை 5:52] அப்பா: ஐந்து லிட்டர் மட்டும் அடித்தேன். லிட்டர் 450, ஆக 2,250 ரூபாய். ஓட்டோவுக்குக் கிழமைக்கு ஐந்துதானாம். பிழைப்புக்கு ஓடுகிறவனுக்கு ஐந்து, என்னுடைய காருக்கு இருபது. அதை அடித்து நிரப்ப மனம் வரவில்லை.

[மாலை 5:55] அப்பா: இரண்டு கிழமைக்கு ஒருக்கால், ஒரு கார், நாலு பேர். அந்தத் திட்டம் அப்படியே இருக்கட்டும். வருகிற ஞாயிறு கந்தர்மடத்து ஏ40 இன் முறை. மொறிஸுக்கு அடுத்தது.

[மாலை 5:57] நான்: மொறிஸின் முறையில் நாலு பேரில் ஒரு ஆள் குறைந்தால் நான் வரலாமா?

[மாலை 6:03] அப்பா: ஒருவருக்கு முழங்கால் நோ, அவர் வரமாட்டார். ஐந்தரைக்கு ஆயத்தமாக நில். வெயில் ஏற முதல் திரும்ப வேண்டும். கம்பியை நீதான் சுற்றுகிறாய், பெருவிரலை மடக்காமல் மற்ற விரல்களோடு ஒரே பக்கம் வைத்துப் பிடி. திருப்பி அடித்தால் கை முறியும்.