உதவி: சிபிஆர்டி தரவில் 2013 அக்டோபரிலிருந்து அக்கி எகிறுகிறது, எங்கே தவறு?

பனிமலர்:
வணக்கம். இங்கிலாந்தில் பொதுச் சுகாதாரம் எம்.எஸ்சி. படிக்கிறேன். ஆய்வேட்டுக்கு எடுத்திருப்பது அக்கி. இங்கே ஷிங்கிள்ஸ் என்கிறார்களே, அதுதான். ஜிபி சர்ஜரிகளின் (குடும்ப மருத்துவர் கிளினிக்குகளின்) பதிவுகளிலிருந்து, பெயர் நீக்கி ஆய்வுக்குத் தரப்படும் சிபிஆர்டி ஆரம் என்ற தரவில், 60 வயதைத் தாண்டியவர்களில் மாதாமாதம் எத்தனை பேருக்குப் புதிதாக அக்கி கண்டது என்று 2008 முதல் 2018 வரை கணக்குப் போடுகிறேன்.

2013 செப்டம்பர் வரை கோடு அலுங்காமல் போகிறது. அக்டோபரில் எகிறுகிறது, நவம்பரிலும் அப்படியே. பிறகு இறங்கிவிட்டு, அடுத்த அக்டோபரில் மறுபடியும் ஏறுகிறது. இங்கே அக்கிக்குத் தடுப்பூசித் திட்டம் தொடங்கியதே 2013 செப்டம்பரில்தான். குறைய வேண்டிய நேரத்தில் கூடுகிறது!

ஜிபி பதிவில் ஒவ்வொரு நோய்க்கும் ஊசிக்கும் ஒரு கோட் (குறியீடு) இருக்கும். அக்கிக்கான கோட் லிஸ்டை நானே தயாரித்தேன். கோட் அகராதியில் 'ஸோஸ்டர்', 'ஷிங்கிள்ஸ்' என்று தேடி, வந்தவற்றில் 'வேக்சின்' என்ற சொல் இருப்பதை எல்லாம் நீக்கினேன். ஒரே ஆளுக்கு 12 மாதத்துக்குள் திரும்ப வந்தால் எண்ணவில்லை. வகுக்கும் எண்ணையும் இரண்டு முறை சரிபார்த்துவிட்டேன். வியாழக்கிழமை மேற்பார்வையாளரிடம் காட்ட வேண்டும். தடுப்பூசிதான் அக்கியைக் கொண்டுவந்தது என்று தப்பாக எழுதிவிடுவேனோ என்று பயமாக இருக்கிறது.

வயதுவாரி அட்டவணை கீழே.
[அட்டவணை நீக்கப்பட்டது]

வடகரை:
முதலில் அந்த அட்டவணையை எடுத்துவிடுங்கள். சில கட்டங்களில் 2, 3 என்று இருக்கிறது. 5-க்குக் குறைந்த எண்ணிக்கை வெளியே போகக் கூடாது என்பது சிபிஆர்டி விதி. பெயர் இல்லாவிட்டாலும், சின்ன எண்ணிக்கையை வைத்து ஆளைக் கண்டுபிடித்துவிட முடியும்.

அப்புறம் உங்கள் கேள்வி. எகிறுவது எல்லா சர்ஜரியிலுமா, சிலவற்றில் மட்டுமா? 60-க்கு மேல் என்று மொத்தமாகப் போடாமல், ஒவ்வொரு வயதாகப் பிரித்துப் பாருங்கள். பார்த்துவிட்டு இங்கே எண்ணைப் போட வேண்டாம், எந்த வயது என்று மட்டும் சொல்லுங்கள்.

பனிமலர்:
மன்னிக்கவும் அண்ணா, எடுத்துவிட்டேன். இனி கவனமாக இருப்பேன்.

பிரித்துப் பார்த்தேன். சில சர்ஜரிகளில் மட்டும்தான். 2013-ல் எகிறுவது 70, 79 வயதில். பக்கத்தில் 71, 72, 78 எல்லாம் பழையபடியே இருக்கின்றன. இது எப்படி?

வடகரை:
அப்படியானால் அது நோய் இல்லை. 2013-ல் தடுப்பூசி கொடுக்கத் தொடங்கியபோது அழைத்தது 70 வயதுக்காரர்களையும், விட்டுப்போனவர்களுக்காக 79 வயதுக்காரர்களையும்தான். கிருமிக்கு அரசாங்கச் சுற்றறிக்கை தெரியாது. தடுப்பூசிக் கோட் ஏதோ ஒன்று உங்கள் லிஸ்டில் இன்னும் உட்கார்ந்திருக்கிறது.

பனிமலர்:
'வேக்சின்' வருவதை எல்லாம் நீக்கிவிட்டேனே?

செந்தூரா:
தங்கச்சி, நான் இங்கே பல வருடமாக ஜிபி ஆக இருக்கிறேன். அந்தப் பதிவு எப்படி உருவாகிறது என்று சொல்கிறேன், கோட் தானாகவே புரியும்.

அக்டோபரில் சனிக்கிழமை காலை ஃப்ளூ ஊசி முகாம் வைப்போம். வயதானவர்கள் குளிர் கோட்டைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு வரிசையில் நிற்பார்கள். நர்ஸ் ஒரு கையில் ஃப்ளூ ஊசி போடுவார், அந்த வருடங்களில் 70 வயது என்றால் மற்றக் கையில் ஷிங்கிள்ஸ் ஊசி. ஆளுக்கு இரண்டு மூன்று நிமிடம்தான். திரையில் டெம்ப்ளேட்டில் (முன்கூட்டியே தயாரித்த படிவத்தில்) ஒரு டிக், அடுத்த ஆள். அந்த டிக்குக்குப் பின்னால் என்ன கோட் இருக்கிறது என்பது அந்த சர்ஜரி டெம்ப்ளேட்டைப் பொறுத்தது. ஒரு இடத்தில் 'வேக்சினேஷன்', இன்னொரு இடத்தில் 'இம்யூனைசேஷன்'. ஊசி வேண்டாம் என்று சொன்னவருக்கும் ஒரு கோட் விழும். நீங்கள் 'வேக்சின்' என்று மட்டும்தானே வடிகட்டினீர்கள்?

இன்னொன்று. அக்கிக்குப் பருவகாலம் என்று பெரிதாக ஒன்றும் இல்லை. இலையுதிர் காலத்தில் மட்டும் கூடினால், ஃப்ளூ ஊசி நேரம்தான் முதலில் ஞாபகத்துக்கு வர வேண்டும். அன்று போட்டது வீரியம் குறைத்த உயிருள்ள கிருமி ஊசிதான், ஆனால் அதனாலேயே அக்கி வருவது மிக அரிது. இப்படி ஒரு மலை எழும்பாது.

பனிமலர்:
அக்கா! 'இம்யூனைசேஷன்' இருந்த கோட்கள் அப்படியே கிடந்தன. வேண்டாம் என்றவர்களுக்கான கோட்களும் இருந்தன. நீக்கி ஓட்டியதும் மலை காணாமல் போய்விட்டது, 70 வயதில் மெதுவாக ஒரு இறக்கமும் தெரிகிறது. என்ன சொல்வதென்றே தெரியவில்லை, நன்றி.

இதே முறையில் இன்னொன்றையும் பார்த்தேன். ஒரு சர்ஜரியில் புதிதாகப் பதிவு செய்தவர்களுக்கு முதல் சில மாதங்களில் மட்டும் அக்கி அதிகமாக வருகிறது. இதுவும் கோட்தானா?

வடகரை:
இல்லை, இது தேதி. புதிதாகச் சேரும்போது பழைய நோய்களைக் கேட்டுப் பதிவார்கள். 'எனக்கு முன்னே அக்கி வந்தது' என்று அவர் சொன்னால், அது அன்றைய தேதியிலேயே ஏறிவிடும், புது நோய் போலத் தெரியும். ஒவ்வொருவருக்கும் பதிவு செய்த முதல் 12 மாதத்தைக் கணக்கில் சேர்க்காதீர்கள். அப்போது பதிவான அக்கிகளை மட்டும் அல்ல, அந்தக் காலத்தின் ஆள்-ஆண்டையும் (எத்தனை பேர் எத்தனை ஆண்டு கணக்கில் இருந்தார்கள் என்ற கூட்டுத்தொகை, உங்கள் வகுக்கும் எண்) கழிக்க மறக்க வேண்டாம்.

செந்தூரா:
சரிபார்க்க ஒரு வழி: மருந்து. அக்கிக்கு அசைக்ளோவிர் 800 மி.கி. ஒரு நாளைக்கு ஐந்து முறை, ஏழு நாள். உதட்டுக் கொப்புளத்துக்கு 200 மி.கி. கோட் விழுந்த அந்த வாரத்தில் 800 எழுதியிருந்தால் பெரும்பாலும் அது புது அக்கிதான். எல்லோருக்கும் மருந்து எழுதமாட்டோம், பிந்தி வருபவர்கள் உண்டு. ஆகவே மருந்து இல்லை என்பதற்காக ஆளை நீக்க வேண்டாம், இரண்டு விதமாகவும் ஓட்டிப் பாருங்கள்.

இந்த வேலை எனக்கு ஏன் பிடிக்கும் தெரியுமா? சைரன்செஸ்டர் என்ற சின்ன ஊரில் எட்கர் ஹோப்-சிம்ப்சன் என்று ஒரு ஜிபி இருந்தார். 1947 முதல் 1962 வரை, 16 வருடம் தன்னிடம் வந்த அக்கி நோயாளிகளை ஒருவர் விடாமல் எழுதி வைத்தார். மொத்தம் 192 பேர், எல்லா வயதும் சேர்த்து ஆயிரத்துக்கு ஆண்டுக்கு 3.4. நாங்கள் கொப்புளிப்பான் என்று சொல்லும் சின்னம்மைக் கிருமி, நரம்பில் பல வருடம் ஒளிந்திருந்து மறுபடி எழும்புவதுதான் அக்கி என்று 1965-ல் அந்தப் பதிவுகளை வைத்தே எழுதினார். உங்களிடம் லட்சக்கணக்கான பேரின் பதிவு இருக்கிறது. ஆனால் அவருக்குத் தன் ஒவ்வொரு வரியின் பின்னாலும் இருந்த முகம் தெரியும்.

வடகரை:
நீக்கிய தடுப்பூசிக் கோட்களைத் தூக்கி எறியாதீர்கள், தனி லிஸ்டாக வையுங்கள். 2013-ல் திட்டம் தொடங்கியபோது வேல்ஸில் 1933 செப்டம்பர் 2-க்கு முன் பிறந்தவர்களுக்கு ஊசி கிடைக்கவில்லை, அன்றோ அதன் பிறகோ பிறந்தவர்களுக்குக் கிடைத்தது. அந்தத் தேதிக்குச் சற்று முன்னும் பின்னும் பிறந்தவர்களை ஒப்பிட்டுத்தான், ஊசி போட்டவர்களுக்கு மறதி நோய் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைவு என்று 2025-ல் வெளியிட்டார்கள். எல்லாம் இதே போன்ற பதிவுகள்தான்.

பனிமலர்:
தனி லிஸ்டாகச் சேமித்துவிட்டேன். எங்கள் பாட்டிக்கு அக்கி வந்தபோது ஊரில் குயவர் வீட்டுக்குத்தான் கூட்டிப்போனார்கள். காவியைக் குழைத்து முதுகில் எழுதினார். எந்த டாக்டர் சீட்டிலும் அது ஏறவில்லை. இங்கேயும் சர்ஜரிக்கே போகாமல் வீட்டில் பொறுத்துக்கொண்டவர்கள் என் கணக்கில் இல்லை என்று ஆய்வேட்டில் ஒரு பத்தி சேர்க்கப் போகிறேன். முதல் 12 மாதத்தைக் கழித்து இப்போது ஓடிக்கொண்டிருக்கிறது, முடிய ராத்திரியாகும்.